பெயரிலேயே 'சா' இருக்கும் மெஷின்



நம் ஆண்டு மலரில் தொழில்நுட்பக் கட்டுரை என்றாலே ரோபோ, எலெக்ட்ரிக் கார், சோலார் என்றுதான் எழுதுவோம். ஒரகடம் பக்கம் இன்பிளான்ட் டிரெயினிங் போய் வந்தவர்களுக்கு அதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது. நான் எழுத வந்திருப்பதோ மரம் அறுக்கிற செயின் சா பற்றி. தலைப்பைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். இது என் சித்தப்பா சொன்ன ஜோக்தான். சிங்கப்பெருமாள் கோவில் சுற்று வட்டாரத்தில் சவுக்கு, தைலமரம், வீட்டு மனைகளில் நிற்கும் மாமரம் எல்லாம் அறுத்துக் கொடுப்பது அவர் தொழில். லீவு நாட்களில் கயிறு பிடிக்க, கிளை இழுக்க நானும் போவேன். முதல் நாளே சொன்னார்: "டேய், இதன் பேரே செயின் சா. கடைசி எழுத்தை ஞாபகம் வச்சுக்கோ!"

சரி, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தது. நம்மில் பலர் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் அடித்த காற்றில் சென்னையிலும் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்திலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. நம் பக்கத்து வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கில் மரங்கள் போய், பூங்காவையே மூடி வைக்க வேண்டியதாயிற்று. அதற்கு முன் 2011 டிசம்பரில் தானே புயல் கடலூர், பண்ருட்டியின் பலாவையும் முந்திரியையும் சாய்த்தது. பிறகு 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்னைகளை லட்சக்கணக்கில் முறித்துப் போட்டது. ஒவ்வொரு முறையும் மறுநாள் காலை தெருவில் என்ன நடக்கிறது? எங்கிருந்தோ ஒரு பவர் சா வரும். லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் ரப்பர் செருப்போடு மரத்தின் மேல் ஏறி நிற்பார். சுற்றி ஐம்பது பேர் வேடிக்கை பார்ப்பார்கள். என்.எஸ்.எஸ். மாணவர்களும் கிளை இழுக்க அனுப்பப்படுவார்கள். அடுத்த டிசம்பரில் அந்த ஐம்பது பேரில் நாமும் இருக்கலாம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் மெஷினைப் பார்ப்போம். செயின் சாவின் மூதாதை மரம் அறுக்க வரவே இல்லை! 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்து டாக்டர்கள் இருவர், ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்பவர்கள், அறுவை சிகிச்சையில் எலும்பு அறுக்கப் பல் வைத்த சங்கிலி ஒன்றைப் பயன்படுத்தினார்கள். மரத்துக்கு வந்தது நெடுங்காலம் கழித்துத்தான். ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் 1926-இல் மின்சாரத்தில் ஓடும் செயின் சாவும், 1929-இல் பெட்ரோலில் ஓடுவதும் செய்தார். ஆனாலும் செயினின் பல் பழைய ரம்பப் பல் மாதிரியே இருந்து சீக்கிரம் மழுங்கியது. அமெரிக்காவில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, மரத்தைக் குடைந்து தின்னும் ஒரு வண்டின் புழுவைக் கவனித்தார். அது வலமும் இடமுமாகத் தாடையை ஆட்டிச் செதுக்கிக்கொண்டே போகிறது. அதே மாதிரி இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்றாகச் செதுக்கும் பல் வைத்த செயினை 1947-இல் விற்க ஆரம்பித்தார். இன்று நாம் பார்க்கும் செயினுக்கு அந்தப் புழுதான் டிசைன் இன்ஜினியர் எனலாம்.

என்ஜின் நமக்குத் தெரிந்த டூ ஸ்ட்ரோக்தான். பழைய டிவிஎஸ் எக்ஸெல் மாதிரியே பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். 50-க்கு 1 என்று கம்பெனி சொல்லியிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி. கிளட்சும் எக்ஸெல்லில் இருப்பது போன்ற சென்ட்ரிஃபியூகல் கிளட்ச். ஐட்லிங்கில் செயின் நிற்கும், ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் ஓடும். ஆனால் கார்புரேட்டர் வேறு. மெஷினைச் சாய்த்தும் பக்கவாட்டில் திருப்பியும் அறுக்க வேண்டியிருப்பதால் ஃப்ளோட் வைத்த கார்புரேட்டர் உதவாது, டயஃப்ராம் கார்புரேட்டர்தான். ஐட்லிங்கிலேயே செயின் ஊர்ந்தால் அந்த மெஷினைக் கையில் எடுக்கக்கூடாது. ஒன்று ஐட்லிங் ஸ்க்ரூ ஏறியிருக்கும், அல்லது கிளட்ச் ஸ்பிரிங் போயிருக்கும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. எட்டில் மூன்று அங்குல (3/8) பிட்ச் செயின், ஏழு பல் ஸ்ப்ராக்கெட் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்குச் செயின் நகரும் தூரம் 7 × 2 × 3/8 = 5.25 அங்குலம், அதாவது சுமார் 133 மில்லிமீட்டர். நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் 1,330 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர்! ஜி.எஸ்.டி. ரோட்டில் டிராஃபிக் இல்லாத நேரத்தில் பஸ் போகிற வேகம் அது. அந்த வேகத்தில் கத்திகள் வரிசையாக ஓடுகின்றன, பிடித்திருப்பது இரண்டு கை. நம் வொர்க்‌ஷாப் லேத்தில் ஜாபைச் சக்கிலும் டூலைப் போஸ்ட்டிலும் இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் மோட்டாரைப் போடுகிறோம். இங்கே டூல் போஸ்ட்டே நாம்தான்!

அதனால் வருவதுதான் கிக்பேக். பாரின் மேல்பக்கம் செயின் நம்மை விட்டு முன்னால் ஓடி, மூக்கில் திரும்பிக் கீழ்ப்பக்கம் நம்மை நோக்கி வருகிறது. அந்த மூக்கின் மேல் கால்வாசிப் பகுதி எதிலாவது இடித்தால் செயின் ஒரு நொடி மாட்டிக்கொள்ளும். முன்னும் கீழுமாகப் போக வேண்டிய விசை அப்படியே எதிர்வினையாக மாறிப் பாரை மேலும் பின்னுமாகத் தூக்கி அடிக்கும். நியூட்டனின் மூன்றாம் விதி, அவ்வளவுதான். ஆனால் நடந்து முடிவது கண் இமைக்கும் நேரத்துக்குள். பார் வந்து நிற்கும் இடம் முகம், கழுத்து, தோள். இதற்காகத்தான் முன் கைப்பிடிக்கு முன்னால் ஒரு தட்டி இருக்கிறது. மணிக்கட்டு அதைத் தள்ளினாலோ, உதறலிலேயே அது முன்னால் போனாலோ செயின் பிரேக் பிடிக்கும். சிலர் "இடைஞ்சலா இருக்கு" என்று அதைக் கழற்றி வைத்துவிடுவார்கள். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. இடது கைக் கட்டைவிரல் முன் கைப்பிடியைச் சுற்றிப் பிடித்திருக்க வேண்டும். உடம்பு பாரின் நேர்க்கோட்டில் இல்லாமல் சற்று இடப்பக்கம் இருக்க வேண்டும். தோளுக்கு மேல் தூக்கி அறுக்கக்கூடாது. ஏணி மேல் நின்று ஒற்றைக் கையால் அறுப்பதைச் சினிமாவில்கூடப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

செயின் சா போடுகிறவர்களுக்கென்று ஒரு கால்சட்டை உண்டு. அதற்குள் நீளநீளமான செயற்கை இழைகளை அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள். செயின் துணியைக் கிழித்தவுடன் இழைகள் உருவிக்கொண்டு போய் ஸ்ப்ராக்கெட்டில் சுற்றி மெஷினையே நிறுத்திவிடும். துணி கத்தியைத் தாங்குவதில்லை, மூச்சடைக்க வைக்கிறது! விலை அதிகம்தான். அது இல்லாவிட்டாலும் ஹெல்மெட், கண்ணாடி, காது மூடி, இரும்பு முனை ஷூ இல்லாமல் தொடவே கூடாது. ஷூ நம் எல்லோரிடமும் வொர்க்‌ஷாப்புக்கு வாங்கியது இருக்கிறது.

இவ்வளவு சொல்லிவிட்டேன். ஆனால் முக்கியமான விஷயம் இனிமேல்தான். எல்லோரும் பயப்படுவது செயினுக்கு. உலகம் முழுவதும் மரம் வெட்டும் தொழிலில் ஆட்கள் சாவது பெரும்பாலும் செயினால் அல்ல. மரமோ கிளையோ விழுந்து அடிப்பதால். மெஷினுக்குச் சுவிட்ச் இருக்கிறது, மரத்துக்கு இல்லை. மரத்துக்குள் எந்தப் பக்கம் என்ன விசை நிற்கிறது என்று பார்க்கத் தெரிந்தவன்தான் மெஷினை எடுக்க வேண்டும். இதற்கு நம் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரே போதும். (அரியர் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாகப் படிக்கவும்!)

நிற்கிற மரத்தை எடுத்துக்கொள்வோம். சித்தப்பா மெஷினை வண்டியிலிருந்து இறக்குமுன் மரத்தை இரண்டு சுற்றுச் சுற்றி வருவார். ஏதோ வேண்டுதல் என்று நினைத்தேன். அவர் தேடுவது சாய்வு, எந்தப் பக்கம் கிளைக் கனம் அதிகம், பட்டுப்போன கிளை மேலே தொங்குகிறதா, அடியில் உளுத்திருக்கிறதா என்பதைத்தான். சந்தேகம் வந்தால் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு அதன் நேரே மரத்தைப் பார்ப்பார். உயரம் அளக்க அவருக்குத் தியோடலைட் வேண்டாம். தன் கை நீளத்துக்கு ஒரு குச்சியை ஒடித்து, கையை நீட்டிச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பார். குச்சியின் அடியும் நுனியும் மரத்தின் அடியோடும் நுனியோடும் பொருந்துகிற இடத்தில் நிற்பார். அங்கிருந்து மரம் வரை உள்ள தூரம்தான் மரத்தின் உயரம். ஒத்த முக்கோணம், சிவில் நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்குள் அறுப்பவரைத் தவிர யாரும் இருக்கக்கூடாது. வேடிக்கை பார்க்கிற ஐம்பது பேர் நிற்க வேண்டிய கோடு அது.

பிறகு மூன்று வெட்டு. விழ வேண்டிய பக்கத்தில், தர்ப்பூசணிக் கீற்று எடுப்பது போல ஒரு துண்டு எடுக்க வேண்டும். இதை முன்வெட்டு என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து சாய்வாக ஒன்று, கீழே படுக்கையாக ஒன்று. இரண்டும் ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும். மூன்றாவது எதிர்ப்பக்கத்திலிருந்து பின்வெட்டு. இதில்தான் சூட்சுமமே. பின்வெட்டு முன்வெட்டைத் தொடக்கூடாது! நடுவில் அறுக்காத ஒரு பட்டை மிஞ்ச வேண்டும். கதவுக்குக் கீல் எப்படியோ, மரத்துக்கு இந்தப் பட்டை. மரம் இந்தக் கீலில் திரும்பித்தான் விழுகிறது. சுற்றளவு 125 செ.மீ. என்றால் விட்டம் 40. முன்வெட்டு கால்பங்கு, 10 செ.மீ. ஆழம். கீல் பத்தில் ஒரு பங்கு, 4 செ.மீ. பின்வெட்டு மீதி 26. பின்வெட்டு முன்வெட்டின் மூலையைவிட ஓரிரு அங்குலம் உயரத்தில் இருந்தால், விழும்போது அடிமரம் பின்னால் வழுக்கி வந்து நம்மை உதைக்காமல் அந்தப் படி தடுக்கும். கீல் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் மெலிசாகவும் இருந்தால் மரம் தடிப்பான பக்கம் இழுபட்டுத் திரும்பும். முழுதும் அறுத்துவிட்டால் கீலே இல்லை. எந்தப் பக்கம் விழும் என்று மரம்தான் முடிவு செய்யும். ரோட்டோரத்தில் அடிமரத்தைச் சுற்றிச் சுற்றி அறுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் அறுப்பது கீலைத்தான்.

பின்வெட்டு பாதி போனதும் அதில் ஆப்பு அடிக்க வேண்டும். மரம் பின்னால் உட்கார்ந்து பாரைக் கவ்வாமல் இருக்கவும், முன்னால் தள்ளவும் அது உதவும். ஆப்பு மரமோ பிளாஸ்டிக்கோதான். இரும்பு ஆப்பில் செயின் பட்டால் பல் தெறிக்கும். கயிறு கட்டி இழுப்பதென்றால் எவ்வளவு உயரத்தில் கட்டுகிறோமோ அவ்வளவு மொமென்ட். ஆனால் இழுப்பவர் நிற்கும் தூரம் மரத்தின் உயரத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் இழுத்த மரம் இழுத்தவர் மேலேயே வரும். மரம் அசையத் தொடங்கியதும் அறுப்பவர் மெஷினை நிறுத்திவிட்டு, விழும் திசைக்கு எதிரே நேர் பின்னால் ஓடாமல், பின்பக்கம் சாய்வாக 45 டிகிரியில் விலகிப் போக வேண்டும். அந்த வழியில் இருக்கும் கல், முள், கொடி எல்லாவற்றையும் அறுக்கத் தொடங்கும் முன்பே சுத்தம் செய்திருக்க வேண்டும். நான் லீவில் செய்த வேலை பாதிக்கு மேல் இதுதான்.

ரொம்பவும் முன்னால் சாய்ந்து நிற்கும் மரத்தை இப்படி அறுக்க முடியாது. பின்வெட்டு பாதி போவதற்குள் அடிமரம் நெட்டுக்குத்தாகப் பிளந்து, பின்பாதி மேலே எகிறும். வெளிநாட்டில் இதைப் பார்பர் சேர் என்கிறார்கள், சலூன் நாற்காலி சாய்வது மாதிரி இருப்பதால். இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்ததில்லை. இம்மாதிரி மரம் அனுபவசாலிக்கு மட்டும். அதேபோல, அறுத்த மரம் இன்னொரு மரத்தில் சாய்ந்து மாட்டிக்கொண்டால் தாங்குகிற மரத்தை அறுக்கவோ, கீழே நுழையவோ கூடாது.

புயலில் விழுந்த மரம் இதைவிட மோசம். நிற்கிற மரத்தில் கனம் ஒன்றுதான். விழுந்த மரத்தில் வளைந்த விசை உள்ளே பூட்டிக் கிடக்கிறது. ஆப்பசைத்த குரங்கின் கதை நமக்கு இரண்டாம் வகுப்பிலேயே தெரியும். பாதி பிளந்த கட்டையில் இருந்த ஆப்பை உருவியது, வால் மாட்டிக்கொண்டது. அந்தக் குரங்குக்குத் தெரியாதது ஒன்றுதான்: கட்டை ஒரு ஸ்பிரிங்.

ஒரு கட்டை இரண்டு பக்கமும் தாங்கி, நடுவில் அந்தரத்தில் இருக்கிறது என்று வையுங்கள், ஒரு முனை காம்பவுண்டுச் சுவரிலும் மறுமுனை தரையிலும். சிம்ப்ளி சப்போர்ட்டட் பீம். மேல்பக்கம் அமுக்குவிசை, கீழ்ப்பக்கம் இழுவிசை. மேலிருந்தே அறுத்துக்கொண்டு போனால் வெட்டு மூடிக்கொண்டு பாரைக் கவ்வும். அதனால் மேலே மூன்றில் ஒரு பங்கு மட்டும் அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து மேலாக முடிக்க வேண்டும். அதே கட்டை ஒரு பக்கம் மட்டும் தாங்கி மறுபக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் கேண்டிலீவர். இப்போது மேல்பக்கம் இழுவிசை, கீழ்ப்பக்கம் அமுக்குவிசை. முதலில் கீழே கொஞ்சம், பிறகு மேலிருந்து. இரண்டுக்கும் விதி ஒன்றே: அமுங்குகிற பக்கம் முதலில் கொஞ்சம், இழுபடுகிற பக்கம் கடைசியில். பெண்டிங் மொமென்ட் டயகிராமை நோட்டில் போட்டு மார்க் வாங்கும்போது இதெல்லாம் யாரும் சொல்லவில்லை!

மறந்தே போகிற ஆபத்து ஒன்று இருக்கிறது. தூங்குமூஞ்சி, குல்மொஹர் போன்ற மரங்கள் வேரடி மண்ணோடு பெயர்ந்து விழும்போது, அந்த வேர்மண் சுவர் மாதிரி எழுந்து நிற்கும், பக்கத்தில் பள்ளம் இருக்கும். தெருப் பிள்ளைகளுக்கு அந்தப் பள்ளம்தான் விளையாட்டு மைதானம். மேலே அடிமரத்தை அறுத்துவிட்டால் அதன் கனம் போய்விடும். சில டன் எடையுள்ள வேர்மண் அப்படியே திரும்பிப் பள்ளத்துக்குள் உட்காரும். அறுக்கத் தொடங்குமுன் ஓர் ஆள் போய்ப் பள்ளத்தை எட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

மின்கம்பி மேல் விழுந்த மரத்தைப் பற்றிச் சொல்ல ஒரே வரிதான்: மின்வாரிய ஆள் வந்து லைனை நிறுத்தி எர்த் செய்துவிட்டேன் என்று சொல்லும்வரை பத்தடிக்குள் போகக்கூடாது. ஏரியா முழுதும் கரண்ட் இல்லை என்பது ஒரு பாதுகாப்பும் இல்லை. எதிர்வீட்டு ஜெனரேட்டரைச் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் இணைத்திருந்தால் அதே கம்பியில் பின்பக்கமாக மின்சாரம் வரும். எலெக்ட்ரிக்கல் நண்பர்கள் இதைத் தெருவில் நாலு பேருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

தென்னை, பனை இரண்டும் தனி ஜாதி. ஒரு வித்திலைத் தாவரங்கள். உள்ளே ஆண்டு வளையம் இல்லை, நார்தான். அந்த நார் ஸ்ப்ராக்கெட் மூடிக்குள் போய் அடைத்துக்கொள்ளும். கீலையும் வேம்பு, மாமரத்தில் நம்புகிற மாதிரி நம்ப முடியாது. அதனால்தான் நம் ஊர் ஆட்கள் வீட்டுக்கு நடுவில் நிற்கும் தென்னையில் ஏறி, உச்சியிலிருந்து துண்டு துண்டாகக் கயிற்றில் இறக்குகிறார்கள். பனை நம் மாநில மரம். அதை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. மெஷின் கையில் இருக்கிறது என்பதற்காகப் புறம்போக்கில் நிற்பதில் கை வைத்துவிட வேண்டாம்.

கடைசியாக நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். புயலுக்கு மறுநாள் நம் மாணவர்கள் போகத்தான் போகிறார்கள், தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. மெஷினைத் தொடுகிற வேலை நமக்கு வேண்டாம். ஆனால் கூட்டத்தை இரண்டு மர உயரத்துக்கு அப்பால் நிறுத்துவது, பள்ளத்தைப் பார்ப்பது, கம்பி கிடக்கிறதா என்று பார்ப்பது, அறுத்து முடித்து மெஷின் நின்ற பிறகு கிளையை இழுப்பது எல்லாம் நாம் செய்யலாம். அதற்குப் பத்து ஹெல்மெட், பத்து ஜோடிக் கையுறை, அரை அங்குல நைலான் கயிறு ஐம்பது மீட்டர், நான்கு விசில் வாங்க வேண்டும் என்று செயலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆப்பு வாங்க வேண்டாம். கார்ப்பென்டரி ஷாப்பில் மிஞ்சிக் கிடக்கும் வேலமரத் துண்டுகளில் நாமே செதுக்கிக்கொள்ளலாம். இன்ஸ்ட்ரக்டர் சரி என்று சொல்லிவிட்டார்.